நூற்றெட்டுச் சுற்று

2.3.1992, திங்கள்
படுக்கையை விட்டு எழ இருபது நிமிடம். உடற்கல்வி ஆசிரியை நான். திடலை ஒரு சுற்று ஓடிக் காட்ட முடியவில்லை. மாணவிகள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

இரண்டு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் மூன்று மாதப் பயிற்சி. அங்கே காட்டுப் பாதையில் நடந்தபோது ஓர் உண்ணி கடித்து வந்தது இந்த லைம் நோய். கண்டுபிடிக்கவே எட்டு மாதம். மருந்து முடிந்துவிட்டது, மூட்டுவலியும் அசதியும் முடியவில்லை. இங்கே மலேசியாவில், கிள்ளானில் யாரிடம் சொன்னாலும், "அப்படி ஒரு சீக்கா?" என்கிறார்கள்.

4.3
தலைமையாசிரியை பவுனம்மாள் கூப்பிட்டார். "ஏப்ரல் மேட்ச் வரைக்கும் பாப்போம் டீச்சர். முடியலன்னா நெட்பால் டீமை நாகையா சார்கிட்ட குடுத்திடலாம்லா." பதினோரு வருடமாக நான் வளர்த்த குழு. தலையாட்டிவிட்டு வந்தேன்.

6.3
பெட்டாலிங் ஜெயாவில் டாக்டர் கனகலிங்கம். "நல்லா இருக்கிற நாள்லதான் கவனமா இருக்கணும். தினமும் கொஞ்சம் நடங்க. தெம்பு இருக்கும்போதே நிறுத்திடுங்க."

தெம்பு வருவதே அத்தி பூத்தாற்போல. வந்தால் நிறுத்த வேண்டுமாம். இதற்கு ஒரு டாக்டர்.

10.3
அக்கா தனலெட்சுமி என்னைக் கேட்காமலே பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டாளாம் — நான் நூற்றெட்டுச் சுற்று வருவேன் என்று. வேண்டுவது அவள், நடப்பது நான்.

13.3, வெள்ளி
காலையில் வலியே இல்லை. இன்றே முடித்துவிடலாம் என்று கைக்குட்டையில் நூற்றெட்டுப் புளியங்கொட்டை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சுற்றுக்கு ஒன்றாகத் தகரடப்பாவில் போட்டேன். எழுபத்திரண்டாவதில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அக்காவும் பூக்காரம்மாவும் தூக்கினார்கள்.

"பாதியில விட்டா கணக்கு சேராதே," என்றாள் அக்கா.

14.3
எழவில்லை.

18.3
இன்னும் படுக்கை. ஐந்து நாள் விடுப்பு. யார் மேல் கோபம்? அக்கா மேலா, உண்ணி மேலா? என் மேலதான். அம்பதாவது சுத்துலயே கால் சொல்லிச்சு — நான் கேக்கல. மேட்ச்ல பிள்ளைங்கள விரட்டுற மாதிரி என்னையே விரட்டினேன். டாக்டர் அப்பவே சொன்னாரே. எனக்கு மட்டும் ஏன் உறைக்கல?

23.3
மூன்றே மூன்று கொட்டை எடுத்துப் போனேன்.

அக்கா முகம் சுளித்தாள். "மூணு சுத்துக்கா இவ்ளோ தூரம் வந்தே?"

"முதல்லேர்ந்து, முப்பத்தாறு நாள் வரேன். கணக்கு சேரும்."

1.4
முழங்கால் வீக்கம். மூன்று சுற்றுக்கு அரை மணி. ஒரு பாட்டி இரண்டு முறை என்னை முந்திப் போனார். சிரிப்பு வரவில்லை.

9.4
மூன்று. நான்காவது சுற்றுக்குக் கால் தானாகத் திரும்பியது, நிறுத்திவிட்டேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன். ஆத்திரமாக வந்தது.

18.4
நேற்றும் இன்றும் மூன்றுதான். ஆனால் ஒன்று — கடைசியாகப் படுத்த படுக்கையானது மார்ச்சில்.

25.4, சனி
மேட்ச். கோட்டோரம் நாற்காலியில் உட்கார்ந்து கத்தினேன். தொண்டைக்கு ஒரு நோயும் இல்லை. மூன்றாம் இடம். நாற்காலியைத் தூக்கி வந்து போட்டவர் நாகையா சார். "அடுத்த வருஷம் குஷன் வச்சதா பாப்போம் டீச்சர்," என்றார். தலைமையாசிரியை அதற்குத் தலையாட்டிவிட்டுப் போனார். நாற்காலியை எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் குழு என்னுடையது.

27.4
கடைசிக் கொட்டையைப் போட்டேன். நூற்றெட்டு. வலது முழங்காலில் வலி இருக்கிறது, இருந்தும் கால் லேசாக இருந்தது. அக்கா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இன்னைக்குத் தெம்பாத்தானே இருக்கே, இன்னும் ஒரு பத்து சுத்தேன்," என்றாள்.

"நாளைக்கு மூணு," என்று சொல்லிவிட்டு டப்பாவிலிருந்து மூன்று கொட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.