குடம் இல்லாத நடை

ஜூன் 2, திங்கள்
காலையிலேயே வெயில். அம்மாவுடன் அரசு ஆஸ்பத்திரி. டோக்கன் 41. நாலு மாதமாகத் தீட்டு வரவில்லை. ஸ்கேனில் நீர்க்கட்டி.

"உக்காந்தே பாக்கற வேலையா?" என்றார் டாக்டரம்மா. தார் சுற்றுகிறேன் என்றேன். எங்கள் தறிக்கு நூல். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஜன்னல் இல்லாத கொட்டகையில். வயது பத்தொன்பது.

"தினமும் முக்கா மணி நேரம் வேகமா நட. இல்லேன்னா சர்க்கரையும் சேந்துக்கும்."

சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கே நடக்க?
- எங்கள் தெரு: சாக்கடை, நூல் மூட்டை, குறுக்கே பைக்.
- பள்ளி மைதானம்: பூட்டு.
- மேட்டூர் ரோடு: முனையில் மதுக்கடை.

ஜூன் 3, செவ்வாய்
தெருமுனை வரை போனேன். அதற்குள் மூன்று பேர், "எங்க சாமி போற?" திரும்பிவிட்டேன். நாள் முழுக்க ரோட்டில் நிற்கும் ஆம்பளைகளை யாரும் கேட்பதில்லை. ஆத்திரம். பாதி என் மேலேயே.

ஜூன் 4, புதன்
யோசனை வந்தது. குடம்! இடுப்பில் குடம் இருந்தால் வேலையாகப் போகிற பெண். வீட்டிலேயே குழாய் இருக்கிறது, இருக்கட்டும். மேட்டூர் ரோட்டுத் தொட்டித் தண்ணீர் ருசி என்று ஒரு பொய். காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். ஒருவரும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம். நன்றாக வியர்த்தது. சந்தோஷம்.

ஜூன் 9, திங்கள்
டீக்கடைக்காரர்: "காலிக் கொடத்தோட எதுக்க வராத சாமி. கடை தெறக்கற நேரம்."

பக்கத்து வீட்டு சரசக்கா: "போறதுதான் போற, எனக்கும் ஒரு கொடம் கொண்டாந்துரு கண்ணு. அந்தத் தண்ணி ருசியாமா."

என் பொய் எனக்கே வினை. போகும்போது சகுனம் கெட்டது, வரும்போது இடுப்பு கெட்டது. நடக்கப் போனவள் சம்பளமில்லாத தண்ணிக்காரி ஆகிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்
குடத்தைக் கவிழ்த்து வைத்தேன். வெறுங்கையோடு கிளம்பினேன்.

"கொடம் எங்க?" டீக்கடைக்காரர்தான்.
"இல்லீங்க. நடக்கறேன்."
"எதுக்கு?"
"நடக்கறதுக்குத்தானுங்க."

மதுக்கடை பக்கமிருந்து ஒரு விசில். நிற்கவில்லை. முக்கால் மணி நேரம், முழுசாக.

ஜூன் 13, வெள்ளி
அப்பா காதுக்குப் போய்விட்டது. தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார். "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராங்க. அதுவரைக்கும் ஊட்டோட கெட. கல்யாணமானா எல்லாஞ் செரியாப் போயிரும்."

தாலி என்ன மாத்திரையா? கேட்டேவிட்டேன்.

தறியை நிறுத்தினார். "பயமா இருக்குது சாமி. ஊரு பேசும்." குரல் இறங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் பேசட்டும். நீர்க்கட்டி ஊருக்கா வந்திருக்கிறது?

ராத்திரி பார்த்தால், என் செருப்பின் அறுந்த வாரை அம்மா தைத்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு
மேகம். காற்று. எட்டு மணிக்கு வருகிறார்களாம். அப்பா பூ வாங்கப் போனார். ஆறரைக்குச் செருப்பை மாட்டினேன். "ஏழேகாலுக்குள்ள வந்துரு," என்றாள் அம்மா, மெதுவாக.

மேட்டூர் ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் பட்டுச்சேலை அம்மா, மடியில் பழத்தட்டு. "ஏஞ்சாமி, தறிக்கார முருகேசன் ஊடு எதுங்க?"

அப்பா பெயர். சீக்கிரமே வந்துவிட்டார்கள். எனக்கு நெற்றியெல்லாம் வியர்வை, காலெல்லாம் தூசி. முன் சீட்டில் இருந்தவர், மாப்பிள்ளையாகத்தான் இருக்கும், என் வெறுங்கையைப் பார்த்தார். "இந்நேரத்துல தனியா எங்கீங்க போறீங்க?"

"நடக்கறேனுங்க. ரெண்டாவது சந்துல மூணாவது ஊடு. நான் அவரு பொண்ணுதான். போய் உக்காருங்க. எனக்கு இன்னும் இருவது நிமிசம் இருக்குது, முடிச்சுட்டு வாரேன்."

காரைத் தாண்டி நடந்தேன்.