துவைத்த கோட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன், மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், மாத்திரையை மறப்பதில்லை, முட்டி வலி இல்லை. கடைசியாகச் சொன்னதைக் கவனித்திருப்பாய். போன மாதம் முட்டி வலி, படி ஏற முடியவில்லை, நான் அங்கே வரும் பயணத்தைத் தள்ளி வை என்று போனில் சொன்னேனே, அது பொய். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ முட்டி எப்படிப்பா இருக்கு, ஒத்தடம் குடுத்தீங்களா என்று கேட்கிறாய், எனக்கு நாக்கே எழுவதில்லை. வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

மாமியார் செத்துப்போய்விட்டாள் கண்ணு. நம் பசுதான். உன் அம்மா அதற்கு அந்தப் பட்டப்பெயர் வைத்த அன்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வைத்த தீனியில் குற்றம், பிடித்த தண்ணீரில் குற்றம், எதையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் தொட மாட்டாள், இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டாள் உன் அம்மா. கன்று ஈன்ற ஒன்பதாம் நாள் போய்விட்டாள். இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது. கன்று பிழைத்துக்கொண்டது, கிடேரி. கன்று ஈன இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றுதானே சொன்னீங்க என்று கேட்பாய். அதுவும் பொய்தான். நீ எனக்கு டிக்கெட் எடுத்தபோது கன்று ஈனப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் நீ உடனே பயணத்தை நிறுத்திவிடுவாய் என்று எனக்குத் தெரியும். உன் வேலையே அதுதானே. மாட்டுக்கு நோயை எதிர்க்கிற சக்தி எதனால் குறைகிறது என்று பார்க்க ஓர் ஆராய்ச்சிக்கூடம், அதற்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு என் மகள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நான்தான் பீற்றிக்கொள்வேன். உன் அம்மா கண்ணை மூடிய இந்த எட்டு மாதத்தில் இந்த வீட்டில் யாரும் என்னைச் சாப்டீங்களா என்று கேட்டதில்லை. ஒரு மனுஷக் குரல் பக்கத்திலிருந்து அதைக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதனால்தான் பொய் சொன்னேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நீ எழுதி அனுப்பி அம்மா தொழுவத்துச் சுவரில் ஒட்டிய தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. கன்று ஈனுவதற்கு முன்னால் மூன்று வாரமும் பின்னால் மூன்று வாரமும் மாட்டின் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் தெம்பு இல்லாமல் இருக்கும் என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். அந்தச் சமயத்தில் இடம் மாற்றக் கூடாது, பழகாத மாடுகளோடு கட்டக் கூடாது, தீனி குறையக் கூடாது, வெக்கை கூடாது, ஈரத் தரை கூடாது, கன்றுக்குச் சீம்பால் தாமதமாகக் கூடாது. ஆறு. இதெல்லாம் படித்தவர்கள் பயமுறுத்துவது என்று உன் அம்மாவிடம் கேலி பேசியவன் நான்தான். அந்தத் தாளுக்கு முன்னால் நின்றுதான் மாமியாரை அவிழ்த்து வண்டியில் ஏற்றி உன் மாமா தொழுவத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே ஏற்கெனவே ஐந்து மாடு. முதல் நாளே ஒரு கறுப்பு மாடு முட்டித் தள்ளித் தீனித் தொட்டிப் பக்கமே விடவில்லையாம். மற்றவை தின்று முடிக்கும் வரை ஒதுங்கி நின்று மிச்சத்தைத்தான் தின்றாளாம். குற்றம் கண்டுபிடிக்கிற மாமியார் மிச்சத்தைத் தின்றாள் என்று கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் நான் பெட்டி கட்டுவதை நிறுத்தவில்லை.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அம்மா பால் கறக்கும்போது போடும் நீலக் கோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும், அதைத்தானே வரும்போது கொண்டு வரச் சொன்னாய். அம்மா போன பிறகு மாமியார் என்னைக் கிட்டவே விடவில்லை, இரண்டு தடவை உதைத்து வாளியைக் கவிழ்த்தாள். மூன்றாம் நாள் ஆணியில் தொங்கிய அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பித்தான் போட முடியவில்லை, தொப்பை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மாமியார் கைப்பக்கம் முகர்ந்தாள், தோள் பக்கம் முகர்ந்தாள், பிறகு காலை அகட்டி நின்று பாலை விட்டாள். பால் வற்றவிடும் வரை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கறந்தேன். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை. அதைத்தான் கழற்றி உனக்காகப் பெட்டியில் வைத்தேன். அப்படியே வைத்திருந்தாலாவது பரவாயில்லை. துவைக்காம கொண்டு வாங்கப்பா என்று நீ அவ்வளவு சொல்லியும், விமானத்தில் சாணி நாற்றம் அடித்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று சோப்புத்தூளில் ஊறவைத்து, இரண்டு தடவை அலசி, இஸ்திரியும் போட்டு மடித்து வைத்தேன்.

பழகாத மாடுகளும் பட்டினியும் சேர்ந்து, நாலு நாள் முன்னதாகவே ஈன்றாள். நஞ்சுக்கொடி விழவில்லை. மாமா உன் பேச்சுக்குப் பயந்தவர், ஒரு மணி நேரத்துக்குள் கன்றைத் தூக்கி மடியில் விட்டுவிட்டார், சீம்பால் குடித்துவிட்டது. அந்த ஒன்றைத்தான் நாங்கள் ஒழுங்காகச் செய்தோம். ஆனால் கன்று குடித்த மிச்சத்தைக் கறக்க யாரையும் விடவில்லை, மாமா கைபட்டால் உதை, மாமி போனால் உதை. மடி கல்லாகிவிட்டது. மூன்றாம் நாள் எனக்குச் சொல்லியனுப்பினார்கள். பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினேன். மாமியார் தலையை நீட்டி கைப்பக்கம் முகர்ந்தாள். தோள் பக்கம் முகர்ந்தாள். திரும்பவும் கைப்பக்கம் வந்து முகர்ந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதைக்கக்கூட இல்லை. கோட்டோடு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாட்டு டாக்டரம்மா தினமும் வந்து ஊசி போட்டார். மடிநோய்க் கிருமி எந்தத் தொழுவத்திலும் இருப்பதுதான், தெம்பான மாடு அதை விரட்டிவிடும், இது வயிற்றுக்கும் இல்லாமல் படுக்கவும் இடமில்லாமல் இருந்ததில் இரத்தத்தில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை என்றார். ஒரு காரணம் என்று சொல்ல முடியாதுங்க, எல்லாம் சேர்ந்து வந்தது, மனசைப் போட்டு வருத்திக்காதீங்க என்றும் சொன்னார். நல்ல மனுஷி. அவருக்கு என்ன தெரியும். மாமியாரைப் புதைத்துவிட்டு வந்து உன் தாளில் ஆறாவதுக்குக் கீழே பென்சிலால் ஏழு என்று போட்டு, கோட்டைத் துவைக்கக் கூடாது என்று எழுதி வைத்தேன். நீ உன் ஆராய்ச்சிக்கூடத்தில் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை, இதை இரண்டு தடவை படி. நீ கேட்டது உன் அம்மாவின் கோட்டை, பெற்ற மகள் கேட்காமல் யார் கேட்பார்கள். துவைத்தவன் நான், தேதியை மறைத்தவன் நான். நான் கேட்டதால்தானேப்பா என்று ஆரம்பித்தாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கன்றை நம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். குடித்த சீம்பாலின் தெம்பு கரைந்து அதற்கென்று சொந்தத் தெம்பு வரும் வரை இனி இடம் மாற்ற வேண்டாம் என்கிறார் டாக்டரம்மா, மூன்று மாதமாவது ஆகுமாம். புட்டிப் பால் கொடுக்கிறேன், குடித்துவிட்டு என் சட்டையைச் சப்புகிறது. மாமா அதற்கு மருமகள் என்று பெயர் வைத்திருக்கிறார். அதனால் இப்போது என்னால் வர முடியாது. பொய் இல்லாமல் சொல்கிறேன், வர வேண்டும் என்றுதான் இருக்கிறது, ஆனால் இன்னொரு தடவை ஒன்றை விட்டுவிட்டு வர மாட்டேன். மூன்று மாதம் கழித்து டிக்கெட் எடு, அதற்கு முன்னால் கன்றைப் பற்றி டாக்டரம்மாவிடமே கேட்டுக்கொள், என் பேச்சை நம்பாதே.

இன்னும் ஒன்று மறைத்துவிட்டேன். அம்மா கறக்கும்போது தலையில் கட்டும் துண்டு எங்கேப்பா என்று நீ கேட்டபோது காணோம் என்றேனே, அது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அம்மா அவிழ்த்துப் போட்டபடியே இருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. யாருக்கும் தரக் கூடாது என்று வைத்திருந்தேன். உனக்குக் கொண்டு வருகிறேன். அது வரைக்கும் மட்டும் என்னிடம் இருக்கட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் சேர்ந்து இருங்கள். அங்கே குளிர் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. முட்டியைப் பற்றிக் கேட்காதே, சாப்டீங்களா என்று மட்டும் கேள்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்
அப்பா