சுஷிக்குத் துணை கறுப்பு ரொட்டி

நெவெல்ஸ்க்,
அக்டோபர், ஞாயிறு.

என் அன்பு யெகோருக்கு,

நான் நலம். நீ இருக்கும் கடலில் காற்று எப்படியோ, இங்கே ஜன்னல் கண்ணாடி இரண்டு நாளாகத் தடதடக்கிறது. கம்பளிக் கையுறை போடாமல் வீராப்புக் காட்டாதே.

முதலில் சேதி. நம் பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன்! முதல் பனி விழுவதற்குள் என் சுஷிக் கடை தன் காலில் நின்றுவிட்டால், இந்தக் குளிர்காலம் நண்டு பிடிக்கும் கப்பலில் ஏற மாட்டேன் என்றாய். இல்லாவிட்டால் இடத்தை போன் ரிப்பேர்க்காரனுக்கு விட்டுவிட வேண்டும் என்றாய். இன்னும் பனி விழவில்லை. கடையிலோ உட்கார இடமில்லை.

கோடை முழுக்க ஈ ஓட்டினேன் என்பது உனக்கே தெரியும். துறைமுகத்து ஆட்கள் வந்து தட்டைப் பார்த்து, "ரொட்டி எங்கம்மா?" என்பார்கள். சுஷிக்கு ரொட்டி கிடையாது என்று நானும் மூக்கைத் தூக்கிக்கொண்டு சொல்வேன். "ரொட்டி இல்லாம தின்னா அதுக்குப் பேரு சாப்பாடா?" என்று கிரேன் ஓட்டும் ஸகார் மதியச் சூப்பை மட்டும் குடித்துவிட்டுப் போவான்.

போன மாதக் கடைசியில் குவாபாரா என்று ஒரு ஜப்பான்காரர் ஊர் பார்க்க வந்தார். பக்வீட் தானியக் கஞ்சி, கறி வைத்த பெல்மெனிக் கொழுக்கட்டை, பீட்ரூட் சூப் என்று நாம் தின்னும் எல்லாவற்றையும் ருசி பார்த்தாராம். எதிலும் சதகுப்பைக் கீரை தூவியிருக்கிறதே, ஏதாவது வேண்டுதலா என்று விடுதியில் கேட்டாராம். கடைசியில் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். சால்மன் மீனையும் சோற்றையும் அழகாகச் சுருட்டி, நறுக்கி வைத்துவிட்டு சாஸ் எடுக்கத் திரும்பினேன். அதற்குள் சூப் வைக்கும் மர்ஃபா அக்கா பழக்கதோஷத்தில் ஒரு பிடி சதகுப்பையைத் தூவி, ஓரத்தில் கறுப்பு ரொட்டியும் அடுக்கி, மேசைக்கே கொண்டுபோய்விட்டாள். பிடுங்க ஓடினேன். "ரொட்டி இல்லாத தட்டை விருந்தாளி முன்னாடி நீட்டச் சொல்றியா? நம்ம மானம் என்னடி ஆவுறது?" என்று என்னையே அதட்டினாள்.

ஸகார் கூட்டம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்தது. அவர் ஒரு சுஷித் துண்டை ரொட்டிமேல் வைத்துக் கடித்தார். நிதானமாக மென்றார். இது சுஷியே இல்லை, எங்கள் ஊரில் செய்தால் அடிக்க வருவார்கள் என்று அரைகுறை ரஷ்ய மொழியில் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. பிறகு தட்டைக் காலி செய்து, இன்னொரு தட்டு கேட்டார். ரொட்டி கூடுதலாக!

"ஏ தைசியா, எங்களுக்கும் அதே மாதிரி ரொட்டியோட கொண்டா!" என்று ஸகார் போட்ட சத்தம் உன் கப்பல் வரை கேட்டிருக்கும். சோறு தீர்ந்து மறுபடி வடித்தேன். அன்று பிடித்த கூட்டம் இன்னும் குறையவில்லை. நேற்று அந்த போன் ரிப்பேர்க்காரனே வரிசையில் நின்றான். மர்ஃபா அக்கா நடக்கும் நடையைப் பார்க்க வேண்டுமே, சுஷியைக் கண்டுபிடித்ததே அவள்தான் என்பது போல! இருக்கட்டும், நடக்கட்டும்.

யெகோர், கரை தொட்டதும் கேப்டன் குளிர்கால ஒப்பந்தத்தை நீட்டுவார். போன வருஷம் நண்டுக் கப்பலிலிருந்து மித்யாவை அலை கொண்டுபோனபோது அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை. கையெழுத்துப் போடாதே. ரொட்டி நறுக்க இங்கே ஓர் ஆள் தேவை. இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள். ஆள் வைத்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

கடல் உன்னைப் பத்திரமாக என்னிடம் அனுப்பட்டும்.

உன்
தைசியா