பிடி என்றால் பிடிக்கும், விடு என்றால் விடும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இங்கே நலம். நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நேற்று போனில் என்னை முழுதாகப் பேச விடாமல், மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் அறையில் இருக்கும் நாயைப் பற்றித்தான். நம் பழைய பூனைக்கு ஊசி போட்ட கால்நடை டாக்டரம்மாவை உனக்கு நினைவிருக்கும். குட்டியாக இருக்கும்போது பெருமைக்கு வாங்கி, வளர்ந்ததும் பயந்து துரத்திவிடுகிறார்களே, அந்த ராட்வைலர் நாய்களை எடுத்து வந்து, உடம்பைத் தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிறாள். இடம் போதவில்லை என்றாள், உன் அறை சும்மாத்தானே கிடக்கிறது என்று கொடுத்தேன். முதலில் வந்த இரண்டும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. இது மூன்றாவது, பெண். பூட்டிய கிடங்கின் வாசலில் கட்டிப் போட்டுவிட்டு முதலாளி வேறு ஊருக்குப் போய்விட்டானாம், கழுத்தில் சங்கிலி பதிந்த புண்ணோடு வந்தது. உடம்பெல்லாம் கறுப்பு அங்கி, சிரிக்கவே தெரியாத முகம். பார்த்ததும் என் கான்வென்ட் பள்ளிக்கூடத்து மதர் சுபீரியர் ஞாபகம் வந்தது, ‘மதர்’ என்றே கூப்பிடுகிறேன். அவரைப் போலவே முகம்தான் அப்படி, உள்ளே வெண்ணெய். இடி இடித்தால் உன் கட்டிலுக்கு அடியில் புகப் பார்க்கும், தலை மட்டும் உள்ளே போகும், மீதி முழுவதும் வெளியே நின்று நடுங்கும்.

இதைத் தெருவில் சொன்னால் யார் கேட்கிறார்கள். எங்கேயோ நடந்ததாக ஒரு வீடியோவை எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, ‘இரத்த வெறிப் பிடித்த’ இனத்தை இங்கே வைத்திருக்கக் கூடாது என்று நம் தெருச் சங்கச் செயலாளர் அறிவிப்பு ஒட்டினார். வெறி பிடித்த என்பதில் ‘ப்’ வராது. சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, கீழே நானும் எழுதினேன்: இந்த இனம் ஒரு காலத்தில் மாடு ஓட்டியது, வண்டி இழுத்தது, கட்டிப் போட்டு அடித்து வளர்த்தால் எந்த நாயும் கெட்டுப் போகும், இது பலசாலி என்பதால் விவரம் தெரியாதவர்கள் வளர்க்கக் கூடாது என்பதும் உண்மை. எதையும் மறைக்கவில்லை. அத்தனை வரியில் தெருவே பேசிக்கொண்டது அந்த ஒரு ‘ப்’பைப் பற்றித்தான். எனக்குத் திமிராம்.

அதற்கிடையில் ஒரு பல் டாக்டரும் மனைவியும் மதரை எடுத்துக்கொள்ள முன்வந்தார்கள். வந்து பார்த்தார்கள், பழகினார்கள், அடுத்த வாரம் அழைத்துப் போகவும் வந்தார்கள். கேட்டருகே அந்த அம்மாள் செருப்பு மாட்டுவதற்காகக் கைப்பையைக் கணவரிடம் நீட்டி, இந்தாங்க, பிடிங்க என்றாள். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மதர் எழுந்து வந்து பையின் வாரை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கடிக்கவில்லை, உறுமவில்லை. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. நான் லீவ் இட் என்றேன், டிராப் இட் என்றேன், என் ஆங்கிலம் அத்தனையையும் இறக்கிப் பார்த்தேன். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பையைப் பிடுங்கிக்கொண்டு காரில் ஏறியவர்கள்தான், திரும்பி வரவே இல்லை. நாய் அந்தப் பல் டாக்டரின் கையைக் குதறிவிட்டது என்று மறுநாள் காலையில் செயலாளர் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். ஊரார் வாயையெல்லாம் பார்த்துப் பிழைக்கிற பல் டாக்டர், இந்த வாயை ஒரு நிமிடம் பார்த்திருக்கக் கூடாதா.

விஷயம் விளங்கியது கேஸ் சிலிண்டர்க்காரர் வந்தபோது. கதவைக் கொஞ்சம் பிடிங்கம்மா என்றார். மதர் வந்து அவர் தோளில் தொங்கிய துண்டின் நுனியைக் கவ்வி உட்கார்ந்தது. அவர் வெலவெலத்துப் போய், விடு விடு என்றார். உடனே விட்டுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடி என்றால் பிடித்துக்கொள், விடு என்றால் விட்டுவிடு என்று யாரோ நல்ல தமிழில் பழக்கியிருக்கிறார்கள். நாயிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று நமக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்களோ, பிடிவாதக்கார நாய் என்று ஒரு மாதமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதை விளக்கிச் சொல்லத்தான் பல் வலி என்று பெயர் கொடுத்துவிட்டு அந்த டாக்டரிடமே போனேன். கடிக்கவில்லை என்று குழுவில் ஒரு வரி எழுதுங்கள், அது போதும் என்று கேட்பதற்குள் வாயில் கருவியை விட்டுவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு, பார்க்கலாம்மா, வீட்ல பயப்படறாங்க என்றார். கடைவாயில் சொத்தை இருக்கிறதாம். இந்த நாள் வரை ஒரு வரி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். மதரை வாரில் கட்டிக் கையோடு அழைத்துப் போனேன். பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து, நாயைப் பிடிங்க, பிடிங்க என்று அலறினார். மதர் சொன்னதைச் செய்தது. அவர் கையிலிருந்த காகிதக் கட்டை மெல்லக் கவ்விக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தது. நான் மெதுவாக விடு என்றேன். வைத்துவிட்டது, ஒரு காகிதம்கூடக் கசங்கவில்லை. இதற்கு மேல் என்ன காட்டுவது. ஆனால் இன்னைக்குக் காகிதம், நாளைக்குக் கை என்றார் ஒருவர், எல்லாரும் தலையாட்டினார்கள். மாதக் கடைசிக்குள் நாய் தெருவை விட்டுப் போக வேண்டுமாம். டாக்டரம்மாவிடம் இடம் இல்லை. மீதி இருப்பது ஊருக்கு வெளியே, தெருநாய்களை அடைத்து வைக்கும் ஒரு கொட்டடி. அங்கே போன இந்த இன நாய் எதுவும் வீடு சேர்ந்ததில்லை என்று அவளே சொன்னாள்.

சாயங்காலம் செயலாளரின் மனைவி மட்டும் கேட்டருகே வந்து நின்றாள். விடுன்னா விட்டுடுமாக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் இப்படி ஒரு வார்த்தை இருந்தா சொல்லுங்களேன் என்றாள். இந்த மாதத்தில் நான் சிரித்தது அப்போதுதான். தினமும் வந்து மதரின் காதைச் சொறிந்துவிட்டுப் போகிறாள், கணவனுக்குத் தெரியாமல்.

உன்னோடு படித்தவன், செடிப் பண்ணை வைத்திருக்கிறானே, சுற்றிலும் வேலி, கூடவே பொறுமையான மனைவி, முன்பு பெரிய நாய் வளர்த்தவன். நான் கூப்பிட்டால் வயதானவள் புலம்புகிறாள் என்று நினைப்பான். மதரை எடுத்துக்கொள்வானா என்று நீ பேசு. பிடி, விடு இரண்டு வார்த்தையையும் முதலிலேயே சொல்லிவிடு, ஏமாற்றிக் கொடுத்ததாக இருக்க வேண்டாம்.

நேற்று நான் இதைத்தான் கேட்க வந்தேன். உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல, விடு, விடு என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் என் செருப்பைக் கவ்விக்கொண்டு படுத்திருந்த மதர், உன் குரலைக் கேட்டதும் அதைக் கீழே போட்டது. நீ சொல்லி அது விட்டுவிட்டது. நான் விடுவதாக இல்லை.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள், நீ நீண்ட ஆயுளோடு இரு. காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. மாதக் கடைசி என்பதை மறக்காதே.

உன் அம்மா
(அருகில் மதர்)