எட்டிப் பார்த்தால் சூடாகும் பெட்டி

மார்ச் 4, செவ்வாய்
ஆராய்ச்சி அறையைத் துடைக்கும்போது, அங்கே ஆராய்ச்சி பண்ணும் நெட்டைத் தம்பி தன் குளிர்பெட்டியைப் பற்றிச் சொன்னான். ஆளுயர உருளைக்குள் நகம் அளவு சில்லு. நிஜமான பெட்டி அதற்குள்தானாம், கண்ணுக்கே தெரியாது. ஒரு பக்கம் சூட்டைக் கொடுத்தால் இன்னொரு பக்கம் குளிருமாம். அவ்வளவு சின்னதுக்கு சட்டதிட்டமே வேறாம், குவாண்டமாம்.

"இதுல தக்காளி வைக்கலாமா தம்பி?"

"எட்டிப் பார்த்தாலே சூடாயிடும்க்கா. அளக்கறதே அதுக்கு ஒரு உதை மாதிரி. அதான் மணிக்கு ஒரு தடவை, அதுவும் மெஷினே அளந்துக்கும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். பார்த்தாலே சூடாயிடுவார்."

விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல பிள்ளை.

மார்ச் 7, வெள்ளி
காலில் சுளுக்கு. நேற்றும் இன்றும் லீவு. வீட்டுக்காரர் சமைத்தார். சுளுக்கே தேவலை.

மார்ச் 10, திங்கள்
நல்ல பிள்ளையாம், மண்ணாங்கட்டி.

பத்து மணிக்கு நான் துடைக்கப் போனால் பெட்டி சூடாகிறதாம். நான் வராத இரண்டு நாளும் ஜில்லென்று இருந்ததாம். சூடு ஏறி இறங்குவதைக் கோடு கோடாகப் போட்ட தாளைக் கொண்டுபோய் மேடத்திடம் காட்டியிருக்கிறான். அந்த அறைக்கு அவர்தான் தலைவி.

"மாப்பு எதையாவது இடிச்சிருக்கும்மா. இனிமே வராண்டாவோட நின்னுக்குங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

பதினோரு வருஷம். ஒரு ஸ்க்ரூ காணாமப் போயிருக்கா? அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். நான் துடைத்த தரையை.

மார்ச் 11, செவ்வாய்
கதவில் தாள் ஒட்டியிருக்கிறான்: 'துப்புரவுப் பணியாளர் உள்ளே வரக் கூடாது.' மூன்று தடவை படித்தேன். அதேதான் எழுதியிருந்தது.

மார்ச் 12, புதன்
சோறு இறங்கவில்லை. "விட்டுத் தொலையேன்" என்கிறார் வீட்டுக்காரர். எதை விடறது? நான் இடிச்சேனா? இடிச்சிருந்தா எனக்குத் தெரியாதா?

பழைய பக்கங்களைப் புரட்டினேன். பிப்ரவரி 19: 'நெட்டையன் பல் பிடுங்கப் போய்விட்டான். அறையில் நான் மட்டும். பாட்டுப் பாடிக்கொண்டே துடைத்தேன்.'

அன்றைக்கு சூடானதா?

மார்ச் 13, வியாழன்
நோட்டோடு போய் மேடம் முன்னால் நின்றேன். நெட்டையனும் அங்கேதான் இருந்தான். "பத்தொன்பதாம் தேதி தாளை எடுங்க."

எடுத்தார். கோடு ஆடாமல் அசையாமல் படுத்திருந்தது.

"அன்னைக்கு நான் இருந்தேன், தம்பி இல்ல. ஏன் தம்பி, நான் உள்ள வந்ததும் நீ என்ன பண்ணுவே?"

"எதையாவது இடிச்சுட்டீங்களான்னு... அளந்து பார்ப்பேன்க்கா."

"எத்தனை தடவை?"

"முப்பது, நாப்பது..."

"பார்த்தாலே சூடாகும்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு? உங்க மாமாவா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவனையே பார்த்தார். அவன் காது சிவந்துபோச்சு. அவனையும் பார்த்தாலே சூடாகுது போல.

மன்னிப்பா? "அப்பாடா, காரணம் தெரிஞ்சுடுச்சு" என்றார் மேடம். அவ்வளவுதான். சாவியை நீட்டினார். ஒட்டினவங்க கிழிக்கட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்னு வந்துட்டேன்.

மார்ச் 17, திங்கள்
தாள் அப்படியே இருக்கிறது. வராண்டா கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. உள்ளே விரல்கனம் தூசி. இருக்கட்டும்.

மார்ச் 19, புதன்
காலையில் நெட்டையன் நகத்தால் தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பசை வரவில்லை. துணி கேட்டான். கொடுத்தேன். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டான். அதையும் சொன்னேன். துடைத்து முடித்து, "தப்பு என்மேலதான்க்கா" என்று சாவியைக் கையில் வைத்தான்.

பத்து மணிக்கு உள்ளே போனேன். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"அளக்கலையா தம்பி?"

"இல்லக்கா. நீங்க துடைங்க."

வேண்டுமென்றே ரொம்ப மெதுவாகத் துடைத்தேன்.