சாந்தோமைத் தவிர எந்தச் சந்தையும்

டிசம்பர் 8, 1934 – சனி

அமலோற்பவ மாதா திருநாள், பாடம் நடத்தப் போக வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ரங்கூனிலிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எந்தக் கடிதம் வந்தாலும் நான்தான் உரக்கப் படிக்க வேண்டும், திட்டும் நான்தான் வாங்க வேண்டும்.

மிக்கேல் அண்ணன் வருகிறான்! ஆறு வருஷத்துக்குப் பிறகு. இருபதாம் தேதி கப்பல் வந்து சேரும். இருபத்தெட்டில் திரும்பிப் போகிறான். அரிசி ஆலையில் கொடுத்த லீவில் பாதி கடலிலேயே போய்விடுமாம். “கிறிஸ்மஸ் சந்தைகளைப் பற்றி அவளுக்கு ரொம்பச் சொல்லியிருக்கிறேன். எங்கெங்கே போகலாம் என்று தங்கச்சி சவுரி ஒரு பட்டியல் போட்டு வைக்கட்டும்” என்று எழுதியிருக்கிறான்.

“அவளுக்குன்னா எவளுக்கு?” என்றாள் அம்மா.

எவளுக்கென்று அம்மாவுக்குத் தெரியாதா? இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் ஒரு பர்மாக்காரப் பெண்ணை ரங்கூன் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, செய்த பிறகு எழுதினான். அம்மா அந்தக் கடிதத்தைப் பெட்டியின் அடியில் போட்டு மூடிவிட்டாள். அது மட்டுமானால் பரவாயில்லை. பட்டினப்பாக்கத்தில் தன்னோடு மீன் விற்கிறவர்கள் எல்லோரிடமும் “எம்புள்ளைக்கு இன்னும் பொண்ணு அமையல” என்றே சொல்லிவந்தாள். ராயபுரத்திலிருந்து இரண்டு குடும்பம் வந்து பார்த்துவிட்டும் போயிற்று.

இப்போது அந்தப் பெண்ணும் கப்பலேறி வரப்போகிறாள்.

டிசம்பர் 10

பட்டியல் போட்டேன். எங்கள் சாந்தோம் கோயில் வாசல் கடைகள். லஸ் கோயில் தெரு. மூர் மார்க்கெட். பரங்கிமலை அடிவாரம். சிந்தாதிரிப்பேட்டை. நாலு நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அம்மா கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். சாந்தோமா – “வாணாம். ஊரே அங்கதான் கீது.” லஸ்ஸா – “எங்கிட்ட மீன் வாங்குறவங்க அத்தினி பேரும் அந்தத் தெருவுலதான் போய்க்கினு வந்துகினு இருப்பாங்க.” மூர் மார்க்கெட் – கொஞ்சம் யோசித்தாள். “தூரந்தானே? போலாம்.” பரங்கிமலை – முகம் மலர்ந்துவிட்டது. “அங்க நம்ம ஆளு எவன் வரப்போறான்?” சிந்தாதிரிப்பேட்டை – “அது வேற சபைக்காரங்க கோயிலு.” ஒரு நிமிஷம் கழித்து: “அதுவும் நல்லதுதான்.”

சந்தை எப்படியிருக்கும் என்பது ஒரு பொருட்டே இல்லை. நம்மை யார் பார்க்க மாட்டார்கள் என்பதே கணக்கு.

“நீயும் வர்றியாம்மா?”

“எம்புள்ள கூட நா போவாம வேற எவ போவா?”

டிசம்பர் 15

மழை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாள் அம்மா. மகனுக்காகத்தான் என்று மூன்று தடவை சொன்னாள்.

டிசம்பர் 20 – வியாழன்

அரைநாள் லீவு போட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். அம்மா வரவில்லை.

அண்ணனுக்குத் தொப்பை போட்டிருக்கிறது. அவன் பின்னால் சின்ன உருவமாக அண்ணி. பூப்போட்ட லுங்கி, தொளதொளவென்று ஒரு வெள்ளைச் சட்டை, கன்னத்தில் சந்தனம் போல ஏதோ அரைத்துப் பூசியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் “சவுரி” என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தமிழ். அண்ணனோடு பர்மியப் பேச்சு, மற்றவர்களோடு ரங்கூன் கடைத்தெரு இந்துஸ்தானி. எனக்கு இரண்டும் தெரியாது. ஜட்கா வண்டியில் வீடு வரும்வரை நானும் அவளும் மாற்றி மாற்றிச் சிரித்துக்கொண்டே வந்தோம், வாய் வலித்துவிட்டது.

வாசலில் அம்மா மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணியைப் பார்க்கவில்லை.

“அம்மா, இவ பேரு மா செயின்.”

“செயினா? கழுத்துல போட்டுக்கறதா?”

அண்ணன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. சோறு மட்டும் போட்டாள் – அண்ணனுக்குத் தன் கையால், அவளுக்கு என் கையால்.

டிசம்பர் 21

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

பக்கத்து வீட்டு ஜைதூன் பீ காலையில் எட்டிப் பார்த்து, “யாரு தேசம்மா, விருந்தாளியா?” என்று கேட்டாள். அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், “மிக்கேலோட முதலாளி சம்சாரம். கிறிஸ்மஸ் பாக்க வந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டாள்! நேற்று காலைதான் நான் மூன்றாம் வகுப்புக்கு எட்டாம் கட்டளை நடத்தினேன். பொய்சாட்சி சொல்லாதிருப்பாயாக.

முதலாளியம்மாவுக்கு ஜைதூன் பீ ஒரு தட்டில் அல்வா கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இந்துஸ்தானியில் விசாரித்தாள். மா செயின் முகம் விளக்கு ஏற்றினாற்போல் ஆயிற்று, பாவம்; இங்கே அவளோடு பேச வந்த முதல் ஆள். இருவரும் பேசினார்கள், பேசினார்கள், அரை மணி நேரம் பேசினார்கள். அம்மாவும் நானும் அடுப்படியில் மூச்சு விடாமல் நின்றோம்.

போகும்போது ஜைதூன் பீ என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். “உங்க முதலாளியம்மா ‘எங்க வீட்டுக்காரர்’னு யாரைக் காட்டினாங்க தெரியுமா? உன் அண்ணனை!” வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நான் ஒண்ணும் கேக்கலே. உங்கம்மா சொன்னா அவ முதலாளியம்மாதான். போ.”

நல்ல மனுஷி.

டிசம்பர் 22 – சனி

மூர் மார்க்கெட். லஸ்ஸிலிருந்து டிராம். அம்மா எங்களுக்கு மூன்று இருக்கை தள்ளி, யாரோ போல உட்கார்ந்து வந்தாள்.

ஆனால் என்ன அழகு! சிவப்பும் பச்சையுமாகக் காகித நட்சத்திரங்கள் கூரையெங்கும் தொங்குகின்றன. கண்ணாடி உருண்டைகள், ஜப்பான் பொம்மைகள், பஞ்சைப் பிய்த்து ஒட்டிய பனிமரங்கள். சென்னைக்காரன் எவனும் பனியைப் பார்த்ததில்லை. பார்த்தவன் மாதிரி ஒட்டி வைத்திருக்கிறான். அண்ணன் சின்னப் பையன் போல ஒவ்வொரு கடையாக ஓடினான். ஒரு தகர ஊதலை வாங்கி ஊதி, பின்னால் வந்த கிழவரைத் திடுக்கிட வைத்தான்.

கிறிஸ்மஸ் குடிலில் வைக்கிற மண் ராஜாக்கள் மூவரை மா செயின் எடுத்துப் பார்த்தாள். கடைக்காரன் விலை சொன்னான். அவள் பேசவில்லை, கீழே வைத்துவிட்டு நடந்தாள். கூப்பிட்டுக் குறைத்தான். நின்றாள், திரும்பவில்லை. இன்னும் குறைத்தான். நான் பக்கவாட்டில் அம்மாவைப் பார்த்தேன். இருபது வருஷம் மீன் விற்றவளின் முகத்தில் ஒரு மரியாதை வந்து உடனே மறைந்தது.

அப்போது பார்த்து எதிரே யார்? எங்கள் கோயில் உபதேசியார்! எல்லோருக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஓலை எழுதுகிறவர். அவருக்குத் தெரிந்தால் பங்கு மக்கள் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி.

“மிக்கேலா! எப்ப வந்தே? இது யாரு?”

“முதலாளி சம்சாரம்” என்றாள் அம்மா.

அவர் மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்து மா செயினுக்குக் கும்பிடு போட்டார். அவளும் போட்டாள். அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லை. திரும்பும் டிராமில் ஊதலை ஊதவில்லை.

வீட்டுக்கு வந்து, “இன்னும் எத்தினி சந்தையில எம் பொண்டாட்டி எவனோட பொண்டாட்டியாவோ நிக்கணும்?” என்று கேட்டான். அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். மார்க்கெட்டில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? டீச்சராம் டீச்சர்.

டிசம்பர் 23 – ஞாயிறு

அண்ணன் வர மாட்டேன் என்றான். மா செயின் அவன் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். வந்தான்.

மாம்பலம் வரை ஜட்கா. அங்கிருந்து மின்சார ரயில். புகையே இல்லை! அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இத்த எது இழுத்துகினு போவுது?” என்று பரங்கிமலை வரும்வரை கேட்டாள்.

அடிவாரச் சந்தை மூர் மார்க்கெட் போலப் பகட்டு இல்லை. ஓலைப்பந்தல்கள், மெழுகுவர்த்தி, ஜபமாலை, ராட்டினம். அண்ணன் பிளம் கேக் வாங்கினான். மா செயின் ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டு என்னிடம் தந்துவிட்டாள். வடை, முறுக்கு, எதுவும் வேண்டாம். பந்தல்களைத் தாண்டி, கருவாட்டுக் கூடை ஒன்றின் முன்னால் போய் நின்றுவிட்டாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். ஒரு நெத்திலிக் கருவாட்டை எடுத்து, அப்படியே, பச்சையாக, வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்று. இன்னொன்று.

“ஐயோ, இன்னாம்மா இது!” என்று கூடைக்காரி தலையைத் தூக்கினாள். கங்கம்மா! பட்டினப்பாக்கத்தில் அம்மாவுக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து விற்கிறவள். மகளை மலையடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாளாம்.

“தேசம்மா, யாரு இது?”

அம்மாவுக்கு அந்தக் கேள்வி காதிலேயே விழவில்லை. மா செயினின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தத் தொளதொளச் சட்டையைப் பார்த்தாள். பக்கத்தில் போய், மயிலாப்பூர் மார்க்கெட்டில் பொறுக்கிய இந்துஸ்தானியில் மெல்லக் கேட்டாள்: “கித்னா மஹினா?”

எத்தனை மாசம்?

மா செயின் ஐந்து விரலைக் காட்டினாள்.

அம்மா திரும்பினாளே ஒரு திரும்பு! “ஏண்டா பாவி! அஞ்சு மாச புள்ளத்தாச்சிய கப்பல்ல ஏத்திகினு, டிராம்ல ஏத்திகினு, மலைக்கு இட்டாந்து வெயில்ல நிக்க வச்சிருக்கியே, உனுக்கு அறிவு கீதா?” சந்தையே பார்த்தது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவளே தேர்ந்தெடுத்த சந்தை.

அண்ணன் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டான். போன வருஷம் ஏழாம் மாசத்தில் ஒன்று தங்காமல் போயிற்றாம். மா செயினுக்குத் தாயில்லை. அந்த நேரத்தில் துணைக்கு ஒரு பெண்பிள்ளை கிடையாது. அவன் ஆலையில் இருந்தான். “இவள இங்க விட்டுட்டுப் போலாம்னுதாம்மா வந்தேன். உங்கிட்ட எப்பிடிக் கேக்கறது? அதான் சந்தை பாக்கணும்னு எழுதினேன். சந்தைக்குன்னா வாணான்னு சொல்லமாட்டே.”

அம்மா கங்கம்மாவிடம் அந்த நெத்திலி முழுவதையும் வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். ரயிலில் மா செயினை ஜன்னலோரம் உட்கார வைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டிசம்பர் 24 – திங்கள்

பட்டியல்படி இன்று சிந்தாதிரிப்பேட்டை. காலையில் அம்மா, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வருஷா வருஷம் கால் மணியில் வந்துவிடுவாள். இன்றைக்கு ஒரு மணி நேரம். சாமியார் என்ன அபராதம் கொடுத்தார் என்று கேட்டேன்.

“அது எனுக்கும் சாமிக்கும். உனுக்கு இன்னா?” சேலையை மாற்றினாள். பெட்டியிலிருந்து ஒரு வெங்காயச் சருகு நிறப் புடவையை எடுத்து மா செயினுக்குத் தானே கட்டிவிட்டாள். “சிந்தாதிரிப்பேட்டையும் வாணாம், ஒண்ணும் வாணாம். நம்ம கோயிலாண்ட போலாம் வா.”

சாயங்காலம் சாந்தோம் கோயில் வாசல். எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும்! அம்மா மா செயினின் கையைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக நடந்தாள், அண்ணனும் நானும் பின்னால். ஜபமாலைக் கடை முன்னால் உபதேசியார் மறுபடியும் துண்டை எடுத்தார்.

“துண்ட போட்டுக்கோங்க ஐயா. அன்னிக்கி சொன்னது பொய்யி. இவ என் மருமவ. மிக்கேல் கட்டி ரெண்டு வருஷமாவுது.”

அவர் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். “நல்லாயிருக்கட்டும்” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக. மீன்காரிகள், படகுக்காரர்கள், எங்கள் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ அம்மாள் உட்பட. ஒன்பதாவது ஆளுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். முதல் மூன்று பேரிடம் சொல்லும்போது அம்மாவின் குரல் நடுங்கிற்று. கடைசி ஆளிடம், கேட்காமலேயே, “அஞ்சு மாசம்” என்றும் சேர்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜைதூன் பீயிடமும் போனாள். ஜைதூன் பீ, “அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதே!” என்றாள். அபராதத்தில் பாதி அவளுக்கும் கொடுக்கலாம்.

டிசம்பர் 25

விடியற்காலைப் பூசை. நால்வரும் ஒரே வரிசையில்.

டிசம்பர் 28 – வெள்ளி

அண்ணன் தனியாகக் கப்பலேறினான். அம்மா இந்தத் தடவை துறைமுகத்துக்கு வந்தாள். அண்ணன் அழுதான், மா செயின் அழுதாள், நான் அழுதேன். அம்மா மட்டும் அழவில்லை. “வெயிலு ஏறுது, அவள இட்டுகினு போவணும்” என்று அவசரப்பட்டாள்.

ஜனவரி 11, 1935

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து எழுதவே நேரமில்லை. வீட்டில் இரண்டு பேரும் எப்படித்தான் பேசிக்கொள்கிறார்களோ தெரியவில்லை, பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சில சமயம் சண்டை. நேற்று புளி எவ்வளவு போடுவது என்பதற்காக. யார் ஜெயித்தார்கள் என்று குழம்பைச் சாப்பிட்டும் தெரியவில்லை.

ஜனவரி 26 – சனி

அண்ணனிடமிருந்து கடிதம். ஆலையில் பெரிய வீடு கொடுத்துவிட்டார்களாம். பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் மருத்துவச்சி குடிவந்திருக்கிறாளாம். “பிப்ரவரி எட்டாம் தேதி கப்பலில் தெரிந்த குடும்பம் வருகிறது. அவர்களோடு அவளை அனுப்பினால் பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அவள் இஷ்டம்.”

படித்து முடித்தேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. தலை நிமிரவில்லை.

“அவளாண்ட கேளு” என்றாள். “நா சொன்னேன்னு சொல்லாத. அவ இஷ்டம்னுதானே எழுதிக்கிறான். கேளு.”

நான் காகிதத்தைக் காட்டி, கையாலும் ஜாடையாலும், ஜைதூன் பீயிடம் கற்ற நாலு வார்த்தையாலும் கேட்டேன். கப்பல். எட்டாம் தேதி. ரங்கூன். போகிறாயா?

மா செயின் அரிவாள்மனைக்கு எதிரே ஒரு முக்காலியில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, அம்மா மீன் பேரம் பேசும் அதே குரலில் சொன்னாள்:

“இன்னா அவசரம்? உங்கண்ணன அரிசி அரைச்சிகினு இருக்கச் சொல்லு.”

நான் அதை அப்படியே எழுதி, தலைமைத் தபால் ஆபீசுக்கே நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.