பரிவட்டத் திட்டம்

ஏப்ரல் 4, 2025

எழுதவே கூசுகிறது. இன்று காலை எதிரி கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். தலையில் துண்டு, மூக்கு வரைக்கும் கொரோனா காலத்து மாஸ்க். பந்தல்குடியில் இருபத்திரண்டு வருடமாக மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் சௌந்தரபாண்டியன், பொங்கலுக்குக் கடை திறந்த செல்வக்குமாரிடம் தவிடு வாங்குகிறேன்! மூட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி இலவசமாம். என் வாடிக்கையில் கால்வாசி அந்த வாளிக்குள் போய் விழுந்துவிட்டது. அப்படி என்னதான் வாளி என்று பார்க்கப் போனேன்.

என் முறை வந்தது. செல்வக்குமார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, உங்களுக்கு நீல வாளியா, பச்ச வாளியா?"

மாஸ்க் மூக்கை மறைக்கும், தொந்தியை மறைக்காது. ஓடி வந்திருக்கலாம். "பச்சை" என்றேன். அதுதான் கேவலம்.

சுபத்ரா வாளியைத் தட்டிப் பார்த்தாள். "நல்ல கனமாத்தாங்க குடுக்காக." கட்டின பொண்டாட்டியும் கட்சி மாறியாச்சு. இப்படியே போனால் தீபாவளிக்குள் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ஏப்ரல் 9

யூடியூபில் கோட்டுப் போட்ட ஒருத்தர் வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி என்று பாடம் நடத்துகிறார். வாளி கொடுத்துப் பிடித்த ஆளை, அதைவிடப் பெரிய வாளி கொடுப்பவன் இழுத்துக்கொள்வானாம். ஆனால் பாதி நிரம்பிய அட்டையைக் கையில் வைத்திருப்பவன் எங்கேயும் போகமாட்டானாம். மிச்சக் கட்டம் உறுத்திக்கொண்டே இருக்குமாம். அதிலும் ஒரு சூட்சுமம். எட்டுக் கட்டம் போட்டுக் கொடுத்தால் சோம்பிப் போவான். பத்துக் கட்டம் போட்டு, இரண்டில் நாமே முத்திரை குத்திக் கொடுத்தால் ஓடி ஓடி நிரப்புவான். நிரப்ப வேண்டியது என்னவோ அதே எட்டுதான்! மனுசன் எவ்வளவு கிறுக்கன்.

நம்பிக்கை இல்லாமல் என்மேலேயே சோதித்தேன். பத்து நாள் நடைப்பயிற்சிக்கு அட்டை போட்டு முதல் இரண்டு கட்டத்தை நானே நிரப்பினேன். அந்த இரண்டு நாள்தான் இதுவரை நடந்தது.

ஐம்பது கிலோவுக்கு ஒரு முத்திரை. பத்து சேர்ந்தால் ஐந்து கிலோ பருத்திக்கொட்டை இலவசம். அருப்புக்கோட்டையில் ரப்பர் ஸ்டாம்புக்குச் சொன்னேன். கேட்டது மாட்டுத் தலை, வந்தது கொம்பு முளைத்த நாய்.

ஏப்ரல் 21

முதல் ரத்தம். மாமனும் மருமகனும் ஒரே வண்டியில் வந்து சேர்ந்து வாங்கினார்கள். முத்திரை யார் அட்டையில் என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். மருமகனுக்கு உதடு கிழிந்து தொங்குகிறது. அதைத் துடைத்துக்கொண்டே அட்டையை நீட்டுகிறான்: "அண்ணாச்சி, மொதல்ல குத்துங்க!"

குத்தினேன். நாய்க்கொம்பில் அவன் ரத்தம். இதைவிட விசுவாசம் வேறு எந்தக் கடைக்கு உண்டு?

ஏப்ரல் 30

கோட்டுக்காரரின் அடுத்த பாடம்: செலவு குறைந்த, பிடி இறுகிய பரிசு மரியாதைதானாம். விமானத்தில் அடிக்கடி போகிறவர்களை முதலில் ஏற்றுவார்களாம். முதலில் ஏறினவனும் கடைசியில் ஏறினவனும் ஒரே நேரத்தில்தான் இறங்கப் போகிறார்கள். ஆனாலும் அந்த 'முதல்'லுக்கு உயிரை விடுகிறார்கள்.

உடனே எனக்குத் தங்கபாண்டியும் அழகுராஜாவும் ஞாபகம் வந்தார்கள். என் கடையின் இரண்டு தூண்கள். திருச்சுழிப் பக்கம் ஒரே ஊர், பெரியப்பா மகன், சித்தப்பா மகன். ஆளுக்குப் பாதி ஊர் பின்னால் நிற்கிறது. இவர்கள் வாங்கும் கடையில்தான் ஊர் வாங்கும். மூன்று வருடம் முன்பு மாசிக் களரித் திருவிழாவில், கோயிலில் முதல் பரிவட்டம் யார் தலையில் கட்டுவது என்று வெட்டிக்கொண்டார்கள். தங்கபாண்டிக்கு இடது காதில் பாதி இல்லை. அழகுராஜாவுக்கு முன்பல் இரண்டு இல்லை. அதிலிருந்து பூசாரி அந்தத் துணியை எந்தத் தலையிலும் கட்டுவதில்லை, சாமி கையில் இருக்கிற வேலில் கட்டிவிடுகிறார். பேச்சுவார்த்தை கிடையாது. கடைக்குக்கூட ஒருவர் திங்கள், மற்றவர் வியாழன். ஆனாலும் இரண்டு பேரும் என்னை விட்டதில்லை.

"எதுக்கு விடல? எல்லாம் என் வாய்தான்" என்றேன்.

"வாயா?" என்று சுபத்ரா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

திட்டம் இதுதான். மாதத்தில் அதிக முத்திரை வாங்கினவருக்குக் கடை வாசலில் வைத்துத் தலையில் ஒரு சிவப்புத் துண்டு கட்டுவேன். போட்டோ எடுப்பேன். பெயர்: பரிவட்டத் திட்டம்.

"அந்தப் பேரு மட்டும் வேணாங்க. தங்கத் திட்டம், வைரத் திட்டம்னு எதையாவது வச்சுத் தொலைங்க."

"ஒனக்கு யாவாரம் தெரியாது."

எங்கள் கோயிலில் வரி கொடுத்த தலைக்கெல்லாம் கட்டுவார்கள். எனக்கு அது தொண்ணூறு ரூபாய்த் துணி.

மே 20

மே மாதம் தூள் பறக்கிறது. இரண்டு பேரும் தங்கள் பாதி ஊருக்கும் சேர்த்தே வாங்குகிறார்கள். திங்கட்கிழமை தங்கபாண்டி, "அழகுராஜாவுக்கு எத்தன ஆச்சு?" என்று பெயரைச் சொல்லிக் கேட்டார். மூன்று வருடத்தில் அந்தப் பெயர் அவர் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை அழகுராஜாவும் அதையே கேட்டார். நான் இரண்டு பேருக்கும் உள்ளதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

செல்வக்குமார் கடை வாசலில் வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. ஆசை தீரப் பார்த்தேன்.

ஜூன் 2

தங்கபாண்டி நாற்பத்தொன்று. அழகுராஜா நாற்பது.

கட்டிவிட்டேன். அந்த மீசைக்கார மனுசன் என் முன்னால் தலையைக் குனிந்து நின்றார். கட்டி முடித்து நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாட்சப்பில் போட்டோவைப் போட்டேன்.

ஜூன் 4

தங்கபாண்டி அந்தப் போட்டோவை ஆளுயரப் பிளக்ஸ் அடித்து ஊர் பஸ் ஸ்டாப்பில் வைத்திருக்கிறாராம். 'பரிவட்டம் கண்ட எங்கள் தலைவரே.' என் கடைப் பெயரை வெட்டிவிட்டார்களாம். விளம்பரம் போச்சே என்று மனசு ஆறவில்லை.

ஜூன் 6

நேற்று எழுத முடியவில்லை. மண்டையில் நாலு தையல்.

நேற்று வியாழக்கிழமை. தங்கபாண்டிக்கு அது நாளே இல்லை. வேண்டுமென்றுதான் வந்தார், தலையில் அந்தத் துண்டோடு. வந்து பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ கேட்டார். பத்து நிமிடத்தில் அழகுராஜாவின் டிராக்டர் வந்து நின்றது.

"ஏலே, சாமிக்குக் கெட்டுற துணிய தவிட்டுக் கடையில கெட்டிக்கிட்டு அலையிதியே, வெக்கமா இல்ல?"

"வாங்குனவனுக்குக் கெட்டுதாக. நீயும் ஒரு மூட்ட கூட வாங்கிருக்கலாம்ல?"

சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாள் வந்தது. எப்படி வந்தது என்று பார்க்கவே இல்லை. முதல் வெட்டு துண்டில். துண்டு இரண்டாகி விழுந்தது, தலை தப்பியது. ரெண்டு பேருமே ஒரு நொடி கீழே கிடந்த துணியைத்தான் பார்த்தார்கள். அடுத்த வெட்டு, தங்கபாண்டி தடுத்த இடது கையில். சதை திறந்து உள்ளே எலும்பு — வெள்ளையா, அவ்வளவு வெள்ளையா இருக்கும்னு யாருக்குத் தெரியும்? ரத்தம் தவிட்டில் விழுந்தது. விழ விழத் தவிடு குடிக்குது, குடிக்கக் குடிக்க இன்னும் விழுது.

தங்கபாண்டி வெட்டுப்பட்ட கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மறு கையால் மூலையில் நின்ற எடைத்தராசின் இரும்புக் கம்பத்தைப் பிடுங்கினார். வீசினார். அழகுராஜாவின் தோள்பட்டையில் முள்விறகு முறிகிற சத்தம். விழுந்தவரை விடவில்லை, விலாவில் இன்னொன்று. அவரும் விடவில்லை, தவழ்ந்து வந்து காலைக் கடிக்கிறார்! முன்பல் ரெண்டும் இல்லை, கடவாய்ப் பல்லால் கடிக்கிறார். தராசு குப்புறக் கிடந்து நொறுங்கியது.

நான்? பிண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, "வாடிக்கையாளர்கள் அமைதி காக்கவும்!" என்று கத்தினேன். சத்தியமாக அதைத்தான் கத்தினேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அப்போது 'இம்மாதப் பரிவட்டம்' என்று நானே எழுதி மாட்டிய போர்டு ஆணி கழன்று என் மண்டையிலேயே விழுந்தது. சண்டையில் எனக்குக் கிடைத்த ஒரே அடி, நானே செய்து வைத்த அடி.

நிறுத்தினது சுபத்ரா. இரண்டு கையாலும் தவிட்டை அள்ளி ரெண்டு பேர் கண்ணிலும் அப்பினாள். குருடர்களால் வெட்ட முடியாது. அவ்வளவுதான்.

ஜூன் 9

அழகுராஜாவின் வைக்கோல் படப்பு எரிந்துவிட்டது. பதிலுக்குத் தங்கபாண்டியின் போர் மோட்டாரை உடைத்துக் கிணற்றில் போட்டிருக்கிறார்கள். இன்னும் ரெண்டு மண்டை உடைந்திருக்கிறது, யார் யாரென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரே வார்டு, எதிரெதிர்க் கட்டில், நடுவில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூலில். நான் கொண்டுபோன இரண்டு பைகளிலும் சமமாக ஆரஞ்சு, சமமாக ரொட்டி. ஒரு ரொட்டி கூடினால் இன்னொரு எலும்பு முறியுமே! தங்கபாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அழகுராஜாவின் சம்சாரம் மாரீஸ்வரி பையை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"இவுகளுக்கு எலும்பு மூணு முறிஞ்சிருக்கு அண்ணாச்சி. எத்தன முத்திர குத்துவீக? பத்து முறிஞ்சா ஒண்ணு எனாமா?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். நான் செத்துவிட்டேன்.

ஜூன் 12

கடைக் கதவில் கல். எந்தத் தரப்பு என்று தெரியவில்லை.

சாயங்காலம்: மறு தரப்புக் கல்லும் வந்துவிட்டது.

ஜூன் 24

ஊர்க்கூட்டம். ஒருவர் கையில் மாவுக்கட்டு, ஒருவர் தோளில் மாவுக்கட்டு. மூன்று வருடத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். குற்றவாளி நான்.

"சாமி துணிய யாவாரத்துக்கு இழுத்தது யாரு?" என்றார் தங்கபாண்டி. "அதான?" என்றார் அழகுராஜா. கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டேன், ஒரு கிடாய் கொடுப்பதாக ஒத்துக்கொண்டேன். சமாதானம் ஆகிவிட்டது. மண்டைத் தழும்போடு விழுந்து எழுந்தபோது உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. எழுப்பி விட்டவர்கள் அவர்கள் ரெண்டு பேரும்தான், ஆளுக்கொரு கையால்.

ஜூன் 30

கடை திறந்தேன். அட்டைகளை எல்லாம் கொளுத்தினேன். என் கடையில் கம்பெனி மூட்டை கிடையாது, எல்லாம் நிறுத்துக் கட்டுவதுதான். அதனால் மதுரையிலிருந்து புதுத் தராசு, சிவப்பு எண் மின்னும் தராசு. நாலு பக்கமும் நின்று பார்க்கிற மாதிரி கடைக்கு நட்ட நடுவில் வைத்தேன். ஒளிவு மறைவு இல்லாத வியாபாரம். முதல் நாளே இரண்டு பாதி ஊரும் வந்தது. கோபமில்லை, நலம் விசாரித்தார்கள்.

ஜூலை 19

வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஆனால் வரவில்லை. ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வரவில்லை. தங்கபாண்டியும் அழகுராஜாவும் ஒரே டிராக்டரில் செல்வக்குமார் கடைக்குப் போகிறார்களாம், மடியில் வாளியோடு!

என்ன செய்யவில்லை நான்? மாடுகளின் பெயரைக் கேட்டு மனப்பாடம் செய்தேன். கன்று போட்டதா என்று போன் பண்ணினேன். கடனே என்று சிரித்தேன். கோட்டுக்காரர் சொன்ன எல்லாம் சரிதான், அட்டை இழுக்கும், மரியாதை பிடிக்கும். ஆனால் இரண்டும் இல்லாத இருபத்திரண்டு வருடம் இவர்களை எது பிடித்து வைத்திருந்தது? அது என்னிடம்தான் இருந்திருக்க வேண்டும். எங்கே தொலைத்தேன்? அந்த ரத்தத்தோடு கழுவிவிட்டுவிட்டேனா?

சுபத்ரா கேட்காமலே காபி போட்டுக் கொடுக்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 4

மாரீஸ்வரி வந்தார். பத்துக் கிலோ பருத்திக்கொட்டை. நிறுத்தேன், கட்டினேன். வாய் அடங்காமல் கேட்டேன், "ஏன்த்தா, ஊரே என்மேல கோவமாத்தான் இருக்கீகளா?"

"கோவமா? எதுக்கு? ஆம்பளைக வெட்டிக்கிட்டது ஆம்பளைக பாடு."

"பெறகு?"

அவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத பழைய தராசு மாதிரி மூலைக்குத் தள்ளி, செவுத்த ஒட்டி வச்சிருங்க அண்ணாச்சி. ஊரு தன்னால வரும்."

"செவுத்த ஒட்டியா? எதுக்கு?"

"அந்தப் பழசு அம்பதுன்னு காட்டும், வீட்டுல போயி நிறுத்தா அம்பத்து மூணு இருக்கும். நீங்க தெரிஞ்சேதான் குடுக்கீகன்னு நாங்க நெனச்சோம்."

அவர் போனபின் தராசில் ஏறி நின்றேன். எழுபத்தொன்பது. இறங்கி, தட்டு சுவரில் உரசும்படி தள்ளிவிட்டு மறுபடி ஏறினேன்.

எழுபத்து நான்கு.